பழைய பதிப்பில் அப்பா

பிடுங்கிய வயர் இன்னும் யேரினின் கையில் இருந்தது. மேசைக்கு அடியில் முழங்காலிட்டுக் கிடந்தவளுக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. மேலே திரையில் ஏறிக்கொண்டிருந்த பச்சைக் கோடு நின்றுவிட்டதா என்று பார்க்க வேண்டும். பார்க்கப் பயமாக இருந்தது. கடைசியாகப் பார்த்தபோது அது பாதியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

தன் கணினியின் வயரை மட்டும் பிடுங்கத்தான் குனிந்தாள். ஆனால் அங்கே வயர்கள் நூடுல்ஸ் மாதிரி பின்னிக் கிடந்தன. பதற்றத்தில் கைக்கு அகப்பட்டது அலுவலகம் முழுவதற்குமான தாய் வயர்.

"யாருப்பா அது? நெட்டு போச்சு!" என்று ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. கண்ணாடி அறைக்குள் டீம் லீடர் மியோங், "ஹலோ, கேக்குதுங்களா? ஹலோ?" என்று திரையைப் பார்த்துக் கத்திவிட்டு அடங்கினாள். அந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் பஸ் கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவு அதிகாரிகள்.

அடுத்த மேசையில் இருந்த பியோ நாற்காலியோடு உருண்டு வந்து எட்டிப் பார்த்தான். கம்பெனியில் மூத்த புரோகிராமர் அவன்தான். யேரினுக்கு வேலை கொடுப்பதும் வாங்குவதும் அவன்தான்.

"என்னம்மா, கீழ புதையல் எதாச்சும் கெடைச்சுதா?"

"கால் இடறிடுச்சு சார்."

"கால் இடறுச்சுங்கிற. வயரு கையில இருக்கே."

அவள் பதில் சொல்வதற்குள் மியோங் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. "யாரு பண்ணுன வேலை இது? நல்லாப் பேசிக்கிட்டிருந்தப்போ... ஓ, பயிற்சிக்கு வந்த பொண்ணா. ஸ்கூல்ல இதைத்தான் சொல்லிக் குடுத்து அனுப்புனாங்களா?"

"மன்னிச்சுக்கங்க மேடம்."

"மன்னிப்பெல்லாம் அப்புறம். முதல்ல மாட்டு." போனை எடுத்து அதிலிருந்தே இணைப்பு கொடுத்துக்கொண்டு மறுபடி கண்ணாடி அறைக்குள் போனாள். முகம் திரைக்கு வருவதற்குள் அதில் சிரிப்பு வந்துவிட்டது.

யேரின் வயரை மாட்டினாள். மெல்ல எழுந்து திரையைப் பார்த்தாள். கறுப்புத் திரையில் சிவப்பில் நாலைந்து வரிகள்: இணைப்பு அறுந்தது, ஏற்றம் நின்றது. எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது இருந்தது. எது எது ஏறியிருக்கிறது என்பது இல்லை.

அதில் அப்பா ஏறிவிட்டாரா என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

*

அந்தக் கம்பெனி செய்தது தூக்கத்தைக் கண்டுபிடிக்கும் கருவி. வண்டி ஓட்டுகிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, கண் சொருகினால் அது கத்த வேண்டும். தூக்கம் என்றால் என்ன என்று அதற்குச் சொல்லிக்கொடுக்கத் தூங்கி வழியும் முகங்கள் ஏகப்பட்டவை வேண்டியிருந்தன. தேஜோன் நகரத்தில் உள்ள தொழிற்கல்விப் பள்ளியிலிருந்து கடைசி வருஷப் பயிற்சிக்கு வந்த யேரினுக்குக் கொடுத்த வேலை, ஒவ்வொரு காணொளியையும் படம் படமாக நிறுத்திக் குறிப்பது. திறந்த கண், பாதிக் கண், மூடிய கண். நாள் முழுக்க அடுத்தவர் கொட்டாவியைப் பார்த்துக்கொண்டிருந்தால் பார்க்கிறவளுக்கும் தாடை வலிக்கும். சாயங்காலம் பஸ்ஸில் வீடு திரும்பும்போது எதிரே உட்கார்ந்திருப்பவர்களைக்கூட மனசுக்குள் குறித்துக்கொண்டு வருவாள். பாதிக் கண். பாதிக் கண். மூடிய கண்.

வேலைக்கு வந்த முதல் வாரமே மியோங் எல்லோரையும் கூட்டிவைத்து, "உங்கள்ல யாருக்காச்சும் பஸ் டிரைவர்ங்க யாரையாச்சும் தெரியுமா?" என்று கேட்டிருந்தாள். வேறு ஒரு கையும் உயரவில்லை. யேரின் தூக்கினாள்.

"எங்கப்பா ஓட்டுறாரு மேடம். காங்னுங் ரூட்டு."

அன்றைக்கு அவளுக்குக் கைதட்டல்கூடக் கிடைத்தது. வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பா ஜின் கிதே சிரித்தார். "உன் மேனேஜர்கிட்ட உனக்கு நல்ல பேரு கெடைக்கும்னா மூஞ்சி என்ன, முதுகைக்கூடக் காட்டறேன்." தன்னோடு ஓட்டும் இன்னும் மூன்று பேரையும் அவரே இழுத்துவந்தார். படம் ஆராய்ச்சிக்கு மட்டும்தான், பஸ் கம்பெனியின் கண்ணில் படாது என்று மியோங் வாய்விட்டுச் சொல்லித்தான் அவர்களிடம் கையெழுத்து வாங்கினாள். ஸ்டீயரிங்குக்கு முன்னால் ஒரு சின்னக் காமிரா வந்து உட்கார்ந்தது. காணொளிகளில் யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். அப்பா முப்பத்தொன்றாம் ஓட்டுநர்.

முப்பத்தொன்றின் காணொளி யேரினின் திரைக்கு வந்தபோது அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. குறிக்கும் திரையில் முகம் மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாகத் தெரியும். அப்பா காய்ந்த கணவாய் மீனை மென்றுகொண்டிருந்தார். தூக்கம் வராமலிருக்க அந்த ரூட்டில் எல்லோரும் மெல்லுவதுதான். திறந்த கண், திறந்த கண் என்று அவள் தட்டிக்கொண்டே போனாள். பிறகு தாடை மெதுவானது. நின்றது. கணவாயின் ஒரு கால் உதட்டோரத்தில் தொங்கியது. இமைகள் கதவு சாத்துவதுபோல் இறங்கின. நாலு நொடி. எக்ஸ்பிரஸ்வேயில், பஸ் நிறைய ஆட்களோடு, நாலு நொடி. பிறகு தாடை மறுபடி அசைய ஆரம்பித்தது, நடுவில் ஒன்றுமே நடக்காததுபோல.

மூடிய கண், மூடிய கண், மூடிய கண் என்று அப்பாவின் இமைமேல் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தட்டு தட்டி முடித்தாள். வேலையாயிற்றே.

அன்று இரவுச் சாப்பாட்டில் அப்பாவிடம் சொன்னாள். அவர் முதலில் நம்பவில்லை. "நானா? தூங்குனேனா? கண்ணைச் சிமிட்டியிருப்பேன்." அவள் முகத்தைப் பார்த்தபிறகு சாப்பிடும் குச்சிகளைக் கிண்ணத்தின்மேல் வைத்தார்.

"யேரினா, அது யார் கண்ணுலயும் படக்கூடாது."

"யாரும் பாக்க மாட்டாங்கப்பா. எண்ணுதான் இருக்கும்."

"எண்ணு இருந்தா என்ன, மூஞ்சி என்னுதுதானே? அறுபது தாண்டி, வருஷா வருஷம் பஸ் கம்பெனிக்காரங்க கையெழுத்துப் போட்டாத்தான் ஓட்டமுடியுது. ஜனவரியில மறுபடி போடணும். இதைப் பாத்தாங்க, சாவியை வாங்கி வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போய் தூங்குய்யான்னுருவாங்க."

"தூங்குனா நல்லதுதானேப்பா?"

"தூங்கறவனுக்கு யாரு சோறு போடுவா? உங்கம்மா வந்து போடுவாளா?"

அம்மா இறந்து நாலு வருஷமாகியிருந்தது. மறுநாள் வேலைக்குப் போனவுடன் கம்பெனியின் காணொளித் தொகுப்பிலிருந்து அந்தக் காணொளியை எடுத்துப் போட்டாள். புதிய பதிப்பு ஒன்றைப் பதிந்து, காரணம் கேட்ட இடத்தில் 'வெளிச்சம் சரியில்லை' என்று எழுதினாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவுக்கு, 'அழிச்சாச்சு' என்று ஒரே வார்த்தை அனுப்பினாள். அவர் கட்டைவிரல் படம் அனுப்பினார். அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது பொரித்த கோழி வாங்கிவந்தார்.

அவள் தப்பாகப் புரிந்துவைத்திருந்தது இதைத்தான். கோயில் வாசலில் செருப்பை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுப்பார்கள் இல்லையா, அந்த மாதிரி வேலை அது. தொகுப்பின் ஒவ்வொரு பதிப்பிலும் இருப்பவை டோக்கன்கள் மட்டும்தான். நிஜமான காணொளிகள் கணினிக்குள் வேறொரு மூலையில், கிடங்கு மாதிரி ஓர் இடத்தில், நீளநீளமான எண்களைப் பெயராகச் சுமந்துகொண்டு அடுக்கிக் கிடக்கும். அவள் புதிய பதிப்பில் ஒரு டோக்கனைத்தான் கிழித்திருந்தாள். செருப்பு போன இடத்திலேயே இருந்தது. பழைய பதிப்புகளில் அதற்கு டோக்கனும் இருந்தது.

போன வாரம் மியோங் கேக் வெட்டினாள். பஸ் கம்பெனியே ஆராய்ச்சியில் கூட்டாளியாகச் சேர்கிறது என்றாள். ஓட்டுநர்களிடம் கொடுத்த வாக்கு என்னாயிற்று என்று கேட்கத் தெரிந்தது யேரினுக்கு மட்டும்தான். பயிற்சிக்கு வந்த பெண் அதையெல்லாம் கேட்பது வழக்கமில்லை. கேக்கை விழுங்கிக்கொண்டு, அப்பாவைத்தான் எடுத்தாயிற்றே என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

இன்றைக்கு மதியம் பியோ அவளைக் கூப்பிட்டு, "வெளிய நெட்டுல, மேகத்துல ஒரு கிடங்கு வாங்கியாச்சு. நம்ம தொகுப்பை அதோட இணைச்சு எல்லாத்தையும் ஏத்திடு. அவங்க அங்கேருந்து இறக்கிக்குவாங்க. ஆரம்பப் பதிப்புலேருந்து கேக்கறாங்க, அதனால எல்லாப் பதிப்பும் போகணும்" என்றான். முகவரியையும் அதைத் திறக்கும் ரகசியச் சாவி எண்ணையும் அனுப்பினான். "சாவியைப் பொதுவுல வச்சுடாத. போன வருஷம் ஒருத்தன் வச்சுட்டான். அவன் பேரைச் சொன்னாலே டீம் லீடருக்குப் பிரஷர் ஏறும்."

யேரின் அதைச் சரியாகத்தான் செய்தாள். கறுப்புத் திரையில் ஒவ்வொரு கட்டளையாகத் தட்டினாள். கிடங்குக்கு ஒரு பெயர், அதற்கு முகவரி, இனி வழக்கமான கிடங்கு இதுதான் என்று ஓர் அறிவிப்பு. சாவியை மட்டும் தன் கணினியை விட்டு வெளியே போகாத தனிக் கோப்பில் வைத்தாள். எல்லாப் பதிப்பும் என்ற குறிப்பையும் சேர்த்து ஏற்றச் சொல்லிவிட்டு, காபி கலந்து எடுத்துவந்து உட்கார்ந்தாள். தன்னைப் பற்றித் தனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. பிறகுதான் மொத்தம் எத்தனை கோப்பு ஏறப்போகிறது என்ற எண்ணைப் பார்த்தாள். தொகுப்பில் இப்போது இருப்பதைவிட அது எவ்வளவோ அதிகம். எடுத்துப் போட்டவை, மாற்றியவை, வேண்டாம் என்று ஒதுக்கியவை எல்லாம் அதில் இருந்தன. இவையெல்லாம் எங்கிருந்து வந்தன என்று ஒரு கணம் யோசித்தாள். அடுத்த கணம் அப்பாவும் அதில் இருப்பார் என்று உறைத்து, மேசைக்கடியில் பாய்ந்தாள்.

*

வயரை மாட்டிவிட்டுத் திரும்ப உட்கார்ந்தாள். பழைய பதிப்பின் பட்டியலைத் திறந்தாள். முப்பத்தொன்றைத் தேடினாள். அப்பாவுக்குக் கிடங்கு வைத்திருந்த நீள எண் கிடைத்தது. அதை மேகத்தில் இருக்கும் கிடங்கிடம் காட்டி, இது உன்னிடம் வந்ததா என்று கேட்டாள்.

வந்திருந்தது.

அவள் பக்கத்தில் பார்த்தாள். பியோ காதில் பாட்டை மாட்டிக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். கிடங்குக்குள் நேராகக் கை வைக்கக் கூடாது என்பது முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம். அவள் கை வைத்தாள். அந்த ஒரு கோப்பை அழி என்று ஒரே வரி. நிச்சயமாகவா என்றுகூட அது கேட்கவில்லை. தன் கணினியின் மூலையில் கிடந்ததையும் அழித்தாள். மறுபடி கேட்டுப் பார்த்தாள். அப்படி எதுவும் இல்லை என்றது.

மூச்சு அப்போதுதான் வந்தது. காபி ஆறிப்போயிருந்தது, குடித்தாள். கண்ணாடி அறைக்குள் மியோங் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருப்பது சத்தமில்லாமல் தெரிந்தது. கொஞ்சநேரம் மேசைமேல் தலையை வைத்துக்கொள்ளலாம்போல் இருந்தது.

"யேரின்," என்றான் பியோ, திரும்பாமலே. "உன்னோடது பாதியில நின்னுபோச்சுல்ல? அங்க டீம் லீடர் மெசேஜ் மேல மெசேஜா அடிக்கறாங்க, ஏறிடுச்சா ஏறிடுச்சான்னு. அதான் நானே என் மெஷின்லேருந்து ஓட்டிவிட்டுட்டேன். விட்டுப்போனதெல்லாம் ஏறிட்டிருக்கு. முடியப் போவுது."

அவனுடைய கணினியிலும் ஒரு கிடங்கு இருக்கும் என்று அவளுக்கு ஏன் தோன்றாமல் போயிற்று? இந்தத் தொகுப்பைத் தொட்ட ஒவ்வொருவர் கணினியின் மூலையிலும் அது இருக்குமே. விட்டுப்போனது எது என்று பார்த்துப் பார்த்து ஏற்றுவதுதானே அதன் வேலை. அவள் அழித்ததுதான் விட்டுப்போனது.

"நிறுத்துங்க சார்!"

அலுவலகமே திரும்பிப் பார்த்தது. பியோ காதிலிருந்து ஒரு பக்கத்தை மட்டும் கழற்றினான்.

"எதுக்கு? மறுபடி வயரைப் புடுங்கப் போறியா?"

"நிறுத்துங்க சார். ப்ளீஸ்."

அவள் முகத்தை அவன் கொஞ்சநேரம் பார்த்தான். அவன் வேலையே முகங்களைப் பார்ப்பதுதான். "வா, வெளிய போலாம்" என்று எழுந்தான். ஏறிக்கொண்டிருந்ததை நிறுத்தவில்லை.

மாடிப்படி வளைவில் குளிர் ஊசியாகக் குத்தியது. இருவரும் கோட்டை எடுக்காமல் வந்திருந்தார்கள். யேரின் சொல்ல ஆரம்பித்தபோது அழக் கூடாது என்று நினைத்திருந்தாள். சொல்லி முடிக்கும்போது மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பியோ சுவரில் சாய்ந்துகொண்டான். "முப்பத்தொண்ணு. அது உங்கப்பாவா?"

அவள் தலையாட்டினாள்.

"அடக் கடவுளே." சுவரிலிருந்து நிமிர்ந்தான். "உனக்கு ஒண்ணு தெரியுமா? நம்மகிட்ட இத்தனை டிரைவருங்க இருக்காங்களே, முக்கால்வாசிப் பேரு காமிரா இருக்குன்னு தெரிஞ்சு கொட்டாவிதான் விட்டாங்க. நடிப்பு. உங்கப்பா ஒருத்தர்தான் நெசமாவே தூங்கினாரு. தூக்கம்னா என்னன்னு நம்ம மெஷின் கத்துக்கிட்டதே அவர்கிட்டதான். நீ அதை எடுத்தப்புறம் கணக்கெல்லாம் கோணலாப் போச்சு. ஒரு வாரம் மண்டையை உடைச்சுக்கிட்டேன். வெளிச்சம் சரியில்லைன்னு எழுதியிருந்தியே, நம்பித் தொலைச்சேன்."

"மன்னிச்சுக்கங்க சார்."

"உனக்கு அந்த ஒரு வார்த்தைதான் தெரியுமா?" என்றான். கோபமில்லாமல்தான் சொன்னான். "இன்னும் அதே ரூட்டுதான் ஓட்டுறாரா?"

"ஆமா சார்."

"இன்னிக்கும்?"

"சாயங்கால வண்டி. காங்னுங் போயிட்டு ராத்திரியே திரும்பணும். கூட ஓட்டுறவருக்கு இடுப்புப் புடிச்சுக்கிச்சு, அதனால அவரோடதையும் அப்பாதான் ஓட்டுறாரு."

பியோ எதையோ சொல்ல வாயெடுத்து, கொட்டாவியை விட்டான். இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். "நேத்து எனக்குப் பொறந்தநாளு. வீட்டுக்குப் போனா பொண்டாட்டியும் தூங்கிட்டா, குழந்தையும் தூங்கிடுச்சு. பொறந்தநாளுக்கு வச்ச கடல்பாசி சூப்பு மேல ஆடை கட்டிப் போயிருந்துச்சு. நின்னுக்கிட்டே குடிச்சேன். குடிக்கறப்பவே தூங்கிட்டேன்னு நெனைக்கறேன், சட்டையெல்லாம் சூப்பு." அவன் சிரித்தான். "ஆனா என்கிட்ட ஸ்டீயரிங் இல்ல. கிண்ணம்தான் இருந்துச்சு."

யேரின் சட்டைக் கையை இழுத்துக் குளிர்ந்த விரல்களை மூடிக்கொண்டாள்.

"அந்தச் சேஃப்டிக்காரங்க பாத்தா உங்கப்பாவை எறக்கிவிட்டுருவாங்க. அது நிச்சயம். எறக்கிவிடறதுதான் நியாயமோன்னு எனக்குத் தோணுது. அப்புறம் இன்னொண்ணும் தோணுது. ரெண்டு ஆளு வண்டியை ஒருத்தர் தலையில கட்டுனதும் அதே ஆளுங்கதான். அவங்களை யாரு எறக்கறது?" தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். "என் கையால அழிக்க மாட்டேன் யேரின். முடியாது. எனக்கும் சொந்தக்காரங்க பஸ்ஸுல போறாங்க."

"சார்..."

"கீழ கடைக்குப் போய் எதாச்சும் சூடாக் குடிச்சுட்டு வரேன். மெஷினைப் பூட்ட மறந்துட்டேன். மறதி என் கூடப்பொறந்தது, எல்லாருக்கும் தெரியும். நாளைக்குப் பழைய பதிப்பை யாராவது கேட்டா ஒரு கோப்பைக் காணோம்னு அது கத்தும். ஏற்றம் பாதியில அறுந்துச்சுல்ல, அதுல போயிருக்கும்னு சொல்லிக்கலாம். எத்தனையோ விஷயத்துக்குப் பதில் சொல்றேன், இதுக்கும் ஒண்ணு சொல்லிக்கறேன்."

இரண்டு படி இறங்கியவன் நின்றான். "அழிக்கறதுக்கு முன்னாடி ஒருதடவை முழுசாப் பாரு. நீ பாத்தது வெட்டுன மூஞ்சிதானே. என் மெஷின்ல இருக்கற கோப்பைத் தெற, முழுப்படமும் அதுலயே இருக்கு."

*

பியோவின் நாற்காலி அவளுக்கு உயரமாக இருந்தது. ஏற்றம் முடிந்து, எல்லாம் போய்ச் சேர்ந்தது என்று திரை சொல்லிக்கொண்டிருந்தது. எதிர்மேசை ஆள் எழுந்து கழிவறைப் பக்கம் போகும்வரை காத்திருந்தாள். பார்க்காமலே அழித்துவிடலாம் என்று நினைத்தாள். பார்த்தாள்.

முழுப்படத்தில் அப்பா சின்னதாகத் தெரிந்தார். தொப்பி, டை, பின்னால் இருட்டு. அவருக்குப் பின்னால் முதல் வரிசை இருக்கை தெரிந்தது. அதில் ஒரு ராணுவப் பையன் உட்கார்ந்திருந்தான். விடுப்பு முடிந்து முகாமுக்குத் திரும்புகிறவன்போல, மடியில் பை, பைமேல் தொப்பி. யேரினைவிட இரண்டு வயது மூத்தவனாக இருப்பான். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்பாவின் தாடை நின்றது. இமை இறங்கியது.

பையன் தலையைத் திருப்பினான். எதிரே மேலே இருந்த கண்ணாடியில் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். அவன் முகம் மாறுவது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. எழுந்தான், முழுதாக எழவில்லை, பாதி எழுந்து இடுப்பு வளைந்தபடி கையை நீட்டினான். அப்பாவின் தோளுக்கு மேலே, தொடாமல், அந்தக் கை நின்றது. தொட்டால் பதறிப்போய் ஸ்டீயரிங்கைத் திருப்பிவிடுவாரோ என்று பயந்தானோ, பெரியவரை எப்படித் தொடுவது என்று தயங்கினானோ. அந்தக் கை அப்படியே நின்றது. பிறகு தாடை அசைந்தது. கண் திறந்தது. பையன் கையை இழுத்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தான். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தான், மறுபடி எடுத்து மடியில் வைத்தான். அதன்பிறகு காணொளி முடியும்வரை அவன் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இத்தனை நாளும் இது தனக்கு மட்டுமே தெரிந்தது என்று அவள் நினைத்திருந்தாள்.

கண்ணாடி அறைக்குள் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. கூட்டம் முடிகிறது. யேரின் அந்த நீள எண்ணை ஒட்டினாள். பியோவின் கணினி மூலையிலிருந்து முதலில் அழித்தாள். பிறகு மேகத்திலிருந்து. இரண்டு வரி. இரண்டாவது வரியைத் தட்டுவதற்குமுன் கை விசைப்பலகையின்மேல் கொஞ்சநேரம் நின்றது. பிறகு தட்டிவிட்டாள். தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள்.

மியோங் வெளியே வந்தாள். "ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சு மேடம்."

"எல்லாப் பதிப்பும்?"

"எல்லாப் பதிப்பும் மேடம்."

"பரவால்லையே. வயரைப் புடுங்குனாலும் வேலையை முடிச்சுட்ட. அவங்க இப்பவே இறக்கிக்கறாங்களாம்." ஒரு காலில் மட்டும் செருப்பு இருப்பதை அப்போதுதான் கண்டு, இன்னொன்றைத் தேடிக்கொண்டு போனாள்.

பியோ திரும்பிவந்து பூட்டாத கணினியின் முன் உட்கார்ந்தான். ஒரு சூடான சோயாப் பால் பாட்டிலை அவள் மேசை ஓரத்தில் வைத்துவிட்டுக் காதில் பாட்டை மாட்டிக்கொண்டான்.

போன் அதிர்ந்தது. அப்பா. அவள் எழுந்து மறுபடி மாடிப்படி வளைவுக்குப் போனாள்.

"யேரினா, சாப்டியா?" பின்னால் பஸ் நிலையத்தின் இரைச்சல் கேட்டது. இன்ஜின் சத்தம். யாரோ பெட்டியை உருட்டிக்கொண்டு போனார்கள்.

"சாப்டேன்ப்பா. நீங்க?"

"வண்டியிலேயே ரெண்டு கிம்பாப் முழுங்கிட்டேன். இங்க ஒரு பேச்சு அடிபடுது. சேஃப்டிக்காரங்க உங்க கம்பெனியிலேருந்து எல்லாக் காணொளியையும் வாங்கறாங்களாம்ல? நம்ம பசங்க பேயறைஞ்ச மாதிரி நிக்கறானுங்க. நான் சொன்னேன், என் பொண்ணு பாத்துக்குவாடா, என்னோடதை அன்னைக்கே தூக்கிட்டான்னு." குரலைத் தாழ்த்தினார். "தூக்கியாச்சுதானே?"

"தூக்கியாச்சுப்பா. எல்லா இடத்துலேருந்தும்."

"அதானே. யாரு பொண்ணு!"

"அப்பா, நேத்து எத்தனை மணிக்குப் படுத்தீங்க?"

"அதை விடு. என்ன உன் குரலு ஒரு மாதிரி இருக்கு? திட்டுனாங்களா?"

"இன்னிக்கு ஒருநாள் லீவு போடுங்களேன்ப்பா. உடம்பு சரியில்லைன்னு சொல்லிடுங்க."

"பைத்தியமா உனக்கு? ஏற்கெனவே ஒருத்தன் இடுப்பைப் புடிச்சுக்கிட்டுப் படுத்துட்டான். நானும் படுத்தா வண்டியை யாரு எடுப்பா? சீட்டு பூரா நெறைஞ்சிருக்கு."

"வழியில ஒதுக்குப்புறமா நிறுத்தி அஞ்சு நிமிஷமாச்சும் தூங்கிட்டுப் போங்க."

"அஞ்சு நிமிஷம் லேட்டானா அதுக்கு ஒரு விளக்கம் எழுதணும். உனக்குத் தெரியாதா?" சிரித்தார். சிரிப்பின் நடுவிலேயே நீளமாக ஒரு கொட்டாவி வந்தது. யேரின் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "அப்பாடா. இந்தப் பேச்சு கெளம்புனதுலேருந்து நாலு நாளா நெஞ்சுல கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருந்துச்சு. இப்பதான் எறங்குச்சு. இரு, ஆளுங்க ஏற ஆரம்பிச்சுட்டாங்க... வாங்க, வாங்க, பையை மேல வச்சுக்கங்க... யேரினா?"

"சொல்லுங்கப்பா."

"அப்போ இனிமே ஒண்ணும் ஆகாதுல்ல?"